கன்னத்தில் தழும்பு, காலில் வலி

ஹைன்ரிஷ் மன்னின் ‘டெர் உன்டர்டான்’ நாவலில் சில பக்கங்களே வரும் ஒரு பகுதி இருக்கிறது. நாயகன் டீடரிஷ் ஹெஸ்லிங் பட்டாளத்துக்குப் போகிறான். காகித ஆலை முதலாளி வீட்டுப் பையன், பெர்லினில் வேதியியல் படிப்பவன், கொஞ்சம் குண்டு, நிறையப் பயம். போன புதிதில் அவனுக்கு அந்த இடம் பிடித்துப்போகிறது. ஒரு மனுஷனோட தன்மானத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதற்காகத்தான் அங்கே எல்லாமே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்று அவனுக்குப் புரிகிறது. புரிந்ததும் கோபம் வரவில்லை, மரியாதை கூடுகிறது. ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. நடந்து நடந்து கால் வலிக்கிறது. ராணுவ டாக்டர் முதலில் மசியவில்லை. நல்லவேளையாக டீடரிஷ் ஒரு மாணவர் சங்கத்தின் உறுப்பினன். அந்தச் சங்கத்தின் பழைய ஆள் ஒருவர் மூலமாகச் சொல்ல வேண்டிய காதில் விஷயம் சொல்லப்படுகிறது. கால் உடனே ராணுவத்துக்கு லாயக்கற்ற காலாகிவிடுகிறது. வெளியே வந்தவன் பீர் மேசையில் உட்கார்ந்து, பட்டாளத்திலேயே இருந்துவிடத்தான் எனக்கு ஆசை, என்ன செய்ய என்று பெருமூச்சு விடுகிறான்.

முதல் தடவை இதைப் படித்தபோது ரயிலில் பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். ஊருக்குப் போனதும் புத்தகத்தை ஒரு நண்பனிடம் கொடுத்தேன். என்னோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவன். இரண்டாம் வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்தான், பட்டத்தைப் பிறகு தொலைதூரக் கல்வியில் முடித்தான். லீவில் வந்திருந்தவன் நாலு நாள் கழித்துக் கூப்பிட்டான். “நீ சிரிச்ச எடத்துல எனக்குச் சிரிப்பு வரலடா மாப்ள. காலைல வரிசைல நிக்கிறப்ப ஒரு நிம்மதி இருக்கும். நாம எதையும் முடிவு பண்ண வேண்டாங்கிற நிம்மதி. வெளியில இருக்கிறவனுக்கு அது தெரியாது. இந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது? பட்டாளத்துல இருந்தானா?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய் எழுதியது. நையாண்டி நாவல் என்று நான் அலமாரியில் வைத்திருந்த ஒன்றை, நையாண்டி செய்யப்படும் இடத்தில் வாழ்கிற ஒருவன் படித்துவிட்டு, இதில் உண்மை இருக்கு என்கிறான். அவன் ரசித்தது எது, நான் சிரித்தது எது?

*

பட்டாளத்தில் இருந்தது ஹைன்ரிஷ் இல்லை, அவருடைய தம்பி. ஆமாம், அந்தத் தம்பிதான், தாமஸ் மன். 1900இல், ‘புடன்புரூக்ஸ்’ நாவலை எழுதி முடித்த கையோடு, மியூனிக்கில் ஒரு காலாட்படைப் பிரிவில் சேர்ந்தார். சுமார் மூன்று மாதம். அணிவகுப்பு நடையில் கால் கெட்டுப்போனது. குடும்பத்துக்குத் தெரிந்த டாக்டர், அந்த டாக்டருக்குத் தெரிந்த ராணுவ டாக்டர் என்று ஒரு சங்கிலி. அந்த ஆண்டு முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1912இல், அண்ணன் தன் நாவலுக்காக அந்த விவரங்களைக் கேட்கிறார். தம்பி உட்கார்ந்து பொறுமையாக ஒரு கடிதம் எழுதுகிறார், யார் யாரைப் பார்த்தார், என்ன நடந்தது என்று. டீடரிஷின் கால்வலி அந்தக் கடிதத்திலிருந்து வந்தது.

இரண்டே வருஷத்தில் முதல் உலகப் போர். தாமஸ் போரை ஆதரித்துக் கட்டுரை எழுதுகிறார். ஹைன்ரிஷ் எதிர்க்கிறார். 1915இல் எமிலி ஸோலாவைப் பற்றி எழுதுவதுபோல் எழுதி அதில் தம்பியைக் குத்துகிறார். தாமஸ் பதிலுக்கு ஒரு பெரிய புத்தகமே எழுதி 1918இல் வெளியிடுகிறார். 1922 வரை இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போரைக் கொண்டாடிய தம்பியின் பாதம் அண்ணனின் நாவலுக்குள் வலித்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு இலக்கிய வம்பாக மட்டும் தெரியவில்லை. நாவல் யாரைப் பற்றியது என்ற கேள்விக்கு இதில் ஒரு விடை இருக்கிறது. டீடரிஷை ஹைன்ரிஷ் தெருவில் பொறுக்கி எடுக்கவில்லை. ஒரு நுனியையாவது வீட்டுக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்.

*

இந்தப் பகுதி முழுசாகப் புரிய அன்றைய ஜெர்மனியின் இரண்டு ஏற்பாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் வெவ்வேறு கட்டடங்கள்போலத் தெரியும், உள்ளே ஒரே வீடு.

ஒன்று, ‘ஒருவருடத் தன்னார்வலர்’ என்ற பதவி. பிரஷ்யாவில் நெப்போலியனுக்கு எதிரான போர்க் காலத்திலிருந்தே இருப்பது. சாதாரண ஏழை வீட்டுப் பையன் மூன்று வருஷம் பட்டாளத்தில் கிடக்க வேண்டும். 1893க்குப் பிறகு காலாட்படையில் அது இரண்டாகக் குறைந்தது. ஆனால் குறிப்பிட்ட வகுப்பு வரை உயர்நிலைப் பள்ளி படித்தவன் ஒரே வருஷம் இருந்தால் போதும். சீருடை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சொந்தச் செலவு. அதாவது வசதியுள்ள வீட்டுப் பையன். அந்த ஒரு வருஷத்தை ஒழுங்காக முடித்தால் பிற்பாடு ரிசர்வ் அதிகாரி ஆகலாம். விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளலாம். வக்கீலோ ஆலை முதலாளியோ, யாராக இருந்தாலும் அந்தப் பட்டம் இல்லாவிட்டால் அரை மனுஷன். யூதராக இருந்தால் அந்தக் கதவு மூடியே இருக்கும். 1885க்குப் பிறகு பிரஷ்யப் படையில் யூதர் யாரும் ரிசர்வ் அதிகாரி ஆக்கப்படவில்லை. பின்னாளில் வெளியுறவு அமைச்சரான வால்டர் ராத்தெனாவ் குதிரைப்படையில் அந்த ஒரு வருஷத்தை முடித்தும் அதிகாரி ஆக முடியவில்லை.

இன்னொன்று மாணவர் சங்கம். நம்ம ஊரில் மாணவர் சங்கம் என்றால் கொடி, போஸ்டர், ஃபீஸ் குறைக்கச் சொல்லிப் போராட்டம். அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக் கல்லூரிப் படங்களில் ஃபிராட்டர்னிட்டி என்று பார்த்திருப்போமே, அதற்குப் பக்கமானது, ஆனால் அதைவிடப் பழசு, இறுக்கமானது. நிறத் தொப்பி, மார்பில் குறுக்கே நிறப் பட்டை. புதிதாகச் சேருகிறவனுக்குப் பெயர் நரி. மூத்தவன் குடி என்றால் குடிக்க வேண்டும், கட்டளைக்குக் கட்டளை. பிறகு வாள் சண்டை. கண்ணுக்கு இரும்புக் கண்ணாடி, கழுத்துக்கும் உடம்புக்கும் தடித்த காப்பு, கன்னமும் தலையும் மட்டும் திறந்திருக்கும். எதிராளி மேல் பகை எதுவும் கிடையாது. ஜெயிப்பது தோற்பதும்கூட முக்கியமில்லை. வெட்டு விழும்போது தலையைப் பின்னால் இழுக்கக் கூடாது, அவ்வளவுதான். இழுத்தால் அவமானம். ஹைடல்பெர்க்கில் இதை நேரில் பார்த்த மார்க் ட்வைன் 1880இல் வெளிவந்த தன் பயண நூலில் விவரமாக எழுதியிருக்கிறார். கன்னத்தில் விழுந்த தழும்பு ஆயுசுக்கும் அழியாத சிபாரிசுக் கடிதம். வேலைக்கு நேர்காணல் செய்கிறவர் கன்னத்திலும் ஒன்று இருக்கும்.

பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மே பான் நகரத்தில் இப்படியொரு சங்கத்தின் உறுப்பினர். சங்கத்தில் தழும்பு, பட்டாளத்தில் பட்டம், இரண்டும் சேர்ந்தால்தான் அவமானப்படுத்தியவனைச் சண்டைக்கு அழைக்கிற தகுதி உள்ள மனுஷன். அந்தத் தகுதியைச் சுற்றியே அந்தச் சமூகத்தின் மேல்தட்டு கட்டப்பட்டிருந்தது என்று சமூகவியலாளர் நோர்பெர்ட் எலியாஸ் ஜெர்மானியர்களைப் பற்றிய தன் கட்டுரைகளில் நீளமாகப் பேசுகிறார்.

இப்போது மறுபடி அந்தப் பகுதிக்குப் போவோம். அசையாமல் நின்று வெட்டு வாங்கக் கற்றுக்கொடுத்த சங்கம்தான், கால் வலிக்கிறது என்று பட்டாளத்திலிருந்து நழுவவும் வழி செய்கிறது. மேலோட்டமாக இது முரண். ஹைன்ரிஷ் அதை முரண் என்று எங்கேயும் அடிக்கோடு போடவில்லை. ஏனென்றால் அந்த உலகத்துக்குள் முரணே இல்லை. வீரம் என்பது அங்கே ஒரு உறுப்பினர் அட்டை. அட்டை இருக்கிறவனுக்கு வீரத்தை நிரூபிக்கிற கஷ்டத்திலிருந்து விலக்கு உண்டு. இதைத்தான் நான் முதல் வாசிப்பில் வெறும் கோழைத்தனம் என்று படித்தேன். டீடரிஷ் கோழைதான், ஆனால் நாவலின் நையாண்டி அவனுடைய கோழைத்தனத்தின் மேல் இல்லை, அந்தக் கோழைத்தனத்தைச் சுமந்துகொண்டு போகிற வண்டியின் மேல்.

*

வரலாற்றில் இந்த வண்டி எதிர்த் திசையில் கிளம்பியது என்பதுதான் கொடுமை. 1815இல் யேனா நகரத்தில் முதல் ‘ப்யூர்ஷன்ஷாஃப்ட்’ தொடங்கப்படுகிறது. தொடங்கியவர்களில் பலர் நெப்போலியனுக்கு எதிராக லுட்ஸோவ் தன்னார்வப் படையில் சண்டை போட்டுவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பிய பையன்கள். போர்க்களத்திலிருந்து வகுப்புக்கு வந்தவர்களுக்குப் பழைய குடிகாரச் சங்கங்கள் அற்பமாகத் தெரிந்தன. அவர்கள் கேட்டது ஒரே ஜெர்மனி, அரசியல் சாசனம், பேச்சுரிமை. இன்றைய ஜெர்மன் கொடியின் கறுப்பு-சிவப்பு-பொன் அங்கேயிருந்து வருகிறது. (அவர்களிடமே யூத வெறுப்பும் புத்தக எரிப்பும் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1817 வார்ட்பர்க் விழாவில் பிடிக்காத புத்தகங்களின் பெயரெழுதிய காகிதக் கட்டுகளை நெருப்பில் போட்டார்கள்.) 1819இல் ஒரு மாணவன் நாடகாசிரியர் கோட்செபூவைக் குத்திக் கொன்றதும் அரசுகள் சங்கங்களைத் தடைசெய்தன. சேர்ந்தால் சிறை என்ற காலம் வந்தது.

எழுபது வருஷம் கழித்து டீடரிஷ் சேரும்போது, சேராவிட்டால் வேலை இல்லை. பட்டாளத்திலிருந்து சங்கத்துக்கு வந்தவர்கள் அரசனைக் கேள்வி கேட்டார்கள். சங்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் அரசனைக் கும்பிட்டார்கள். பெயர், தொப்பி, பாட்டு, பீர் எதுவும் பெரிதாக மாறவில்லை.

நாவலில் இந்தப் பழைய காலத்தைச் சுமந்துகொண்டு ஒரே ஒரு கிழவர் இருக்கிறார். பெரியவர் புக். 1848 புரட்சியில் கலந்துகொண்டு மரண தண்டனை விதிக்கப்பட்டவர். டீடரிஷின் சொந்த ஊரான நெட்சிக்கில் எல்லோரும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லும் மனிதர். நாவல் முடிவதற்குள் டீடரிஷ் அவரை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறான்.

இந்த இடத்தில் ஒரு நிஜ மனிதரைக் கொண்டுவருகிறேன், ஏனென்றால் டீடரிஷைப் பார்த்து ‘முட்டாள்’ என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். மாக்ஸ் வேபர். சமூகவியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் கனவிலும் வரும். அவர் ஹைடல்பெர்க்கில் மாணவராக இருந்தபோது இப்படியொரு சங்கத்தில் சேர்ந்தார், குடித்தார், வாள் சண்டை போட்டார். கன்னத்தில் தழும்போடு வீட்டுக்குப் போனபோது அம்மா ஓங்கி ஒரு அறை விட்டதாக அவருடைய மனைவி மரியானே எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. அடுத்து 1883இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒருவருடத் தன்னார்வலர். பயிற்சி மூளையை மழுங்கடிக்கிறது என்று முதலில் புலம்பினார், பிறகு அதிகாரியாகக் கட்டளை போடும் நிலைக்கு வந்ததும் பிடித்துப்போனது. டீடரிஷ் நடந்த அதே பாதை, ஒவ்வொரு படியாக. அதே வேபர் 1917இல் இந்தச் சங்கங்கள் உருவாக்கும் மனிதனைப் பற்றிக் கடுமையாக எழுதினார். உயர்குடிப் பண்பு என்று இவர்கள் சுமப்பது புதுப்பணக்காரனின் பாவனை என்கிற அர்த்தத்தில். 1918இல் தன் சங்கத்திலிருந்தே விலகினார். இருபதாம் நூற்றாண்டின் கூர்மையான மூளைகளில் ஒன்றுக்கு வெளியே வர முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. அம்மாவுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

*

நண்பன் சொன்ன அந்த ‘நிம்மதி’க்கு வருகிறேன். நாவலின் முதல் அத்தியாயம் எனக்கு இப்போது வேறு மாதிரி படிக்கக் கிடைக்கிறது. டீடரிஷ் ஒரு மென்மையான குழந்தை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறான். அப்பா அடிப்பார், அந்த அடியில் பெருமைப்படுகிறான். பள்ளிக்கூடம் என்கிற இரக்கமில்லாத இயந்திரத்தின் ஒரு பல்சக்கரமாக இருப்பது அவனுக்குச் சந்தோஷம். வகுப்பாசிரியரின் பிறந்தநாளன்று மேசைக்கும் கரும்பலகைக்கும் மாலை போடுகிறார்கள். டீடரிஷ் பிரம்புக்கும் ஒரு மாலை சுற்றுகிறான். அந்த வரியில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். சிரிப்பு வரும், கூடவே ஐந்தாம் வகுப்பில் சார் பிரம்பை ஒடித்துக்கொண்டு வரச் சொன்னால் நல்ல பிரம்பாகப் பார்த்துத் தேடி எடுத்துவந்த ஞாபகமும் வரும். அடி எனக்கும்தான் விழுந்தது.

பெர்லினுக்குப் படிக்க வந்ததும் டீடரிஷ் தனியாகிறான். பெரிய நகரம், யாரையும் தெரியாது, ஏமாற்றப்படுகிறான். காதலிக்கப் பயம். ஹோர்னுங் என்கிற சக மாணவன்தான் அவனை ‘நொய்ட்டொய்ட்டோனியா’ சங்கத்துக்குக் கூட்டிப்போகிறான். அங்கே என்ன கிடைக்கிறது? பெஞ்சில் ஒரு இடம். எப்போது குடிக்க வேண்டும், எப்போது பாட வேண்டும், எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று யாரோ சொல்கிறார்கள். யோசிப்பது, ஆசைப்படுவது என்ற கஷ்டமான வேலைகளைச் சங்கம் எடுத்துக்கொள்கிறது. பீர் உள்ளே போகப் போக அவன் கரைகிறான். ஹைன்ரிஷ் இந்தக் கரைதலை வெளியிலிருந்து கேலி பண்ணுகிற குரலில் எழுதவில்லை. அந்தப் பக்கங்களில் வாக்கியங்களே கொஞ்சம் தள்ளாடி, சூடேறி, சந்தோஷமாக இருக்கின்றன. எனக்குக் கிடைத்தது ஆங்கில மொழிபெயர்ப்புதான், அதிலேயே அது தெரிகிறது. நண்பன் பிடித்துக்கொண்டது இதைத்தான். கூட்டத்துக்குள் போவது பயத்தினால் மட்டும் அல்ல, அதில் உண்மையான இன்பம் ஒன்று இருக்கிறது. அந்த இன்பத்தை ஒத்துக்கொள்ளாத எந்த விமர்சனமும் வேலைக்காகாது, ஏனென்றால் உள்ளே இருப்பவன் அதைப் படித்துவிட்டு, ‘இவனுக்கு ஒண்ணும் தெரியல’ என்று மூடிவைத்துவிடுவான்.

சண்டை போட நண்பனிடமும் எனக்கு ஒரு விஷயம் உண்டு. அவன் சொல்லும் வரிசையில் காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லோரும் ஒரே மண்ணில் ஓடுகிறார்கள். சியாச்சினில் நிற்பவனுக்குக் கால் வலித்தால் அங்கே கால்வலிதான், சிபாரிசு இல்லை. டீடரிஷின் வரிசை அப்படியல்ல. அவன் பட்டாளத்தில் நிற்கும்போதே இன்னொரு வரிசையிலும் இடம் பிடித்து வைத்திருக்கிறான். முதல் வரிசை கஷ்டப்படுத்தினால் இரண்டாவது காப்பாற்றும். 1891இல் போட்ஸ்டாமில் வில்ஹெல்ம் புதுச் சிப்பாய்களைப் பார்த்து, நான் உத்தரவிட்டால் சொந்தச் சகோதரர்களையும் பெற்றவர்களையும்கூட நீங்கள் சுட வேண்டியிருக்கும் என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சு ஏழைச் சிப்பாய்க்கு. சங்கத்து ‘சகோதர’னுக்கு அது பொருந்தாது, அவன் எப்போதும் சுடச் சொல்கிற பக்கம்.

*

நாவலின் பலவீனங்களையும் சொல்லிவிடுகிறேன். நெட்சிக்குக்குத் திரும்பியபின் வருகிற நகராட்சி அரசியல், தேர்தல் பேரம், நிலம் வாங்கி விற்கிற சூழ்ச்சி எல்லாம் நீளம். யார் யாருக்கு எதிராக எதைச் செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன். ராஜநிந்தனை வழக்கு விசாரணையில் பெரியவர் புக்கின் மகன் வோல்ஃப்காங், எதிர்த்தரப்பு வக்கீலாக, ‘இந்தக் காலத்துப் பிரஜை’ எப்படிப்பட்டவன் என்று நீண்ட உரை ஆற்றுகிறான். நல்ல உரைதான். ஆனால் நாம் இருநூறு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பதை அவன் விளக்குகிறான். ஆசிரியர் காதில் வந்து ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதுபோல் இருக்கிறது. அதைவிட உறுத்துவது யாடஸ்ஸோன் என்ற யூத வழக்கறிஞர் பாத்திரம். மற்ற எல்லோரையும்விட அதிக ராஜவிசுவாசம் காட்டி, காதைச் சின்னதாக்க அறுவை சிகிச்சைக்குப் போகிறவன். உள்ளே விடாத சமூகத்துக்குள் நுழைய ஒருவன் தன் உடம்பையே வெட்டிக்கொள்வது எவ்வளவு பெரிய துயரம். ஹைன்ரிஷ் அதைக் காதைப் பற்றிய கேலியாக மாற்றி, அன்றைய யூத வெறுப்புக் கார்ட்டூன்களின் பென்சிலையே கடன் வாங்கிவிடுகிறார். தழும்பு வாங்கிய கன்னமும் வெட்டிக் குறைத்த காதும் ஒரே கதை என்பதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

பேரரசரின் நிஜப் பேச்சுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து டீடரிஷின் வாயில் போட்டிருக்கிறார் ஹைன்ரிஷ். அன்றைய வாசகனுக்கு அதுவே பாதி சந்தோஷமாக இருந்திருக்கும், நமக்கு அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. ஆனால் 1892 பெர்லின் கலவரக் காட்சிக்கு எந்தக் குறிப்பும் வேண்டாம். வேலையில்லாதவர்கள் ஊர்வலம் போகிறார்கள், நடுவில் குதிரையில் பேரரசர். டீடரிஷ் பரவசத்தில் பின்னாலேயே ஓடி, பூங்காவில் தனியாக அவர் முன்னால் போய், சேற்றுக் குட்டையில் தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறான். பேரரசர் தொடையில் தட்டிச் சிரிக்கிறார். டீடரிஷின் வாழ்க்கையின் உச்சம் அது. வோல்ஃப்காங் ஸ்டௌட்டே 1951இல் கிழக்கு ஜெர்மனியில் எடுத்த படத்தில் வெர்னர் பீட்டர்ஸ் அந்தச் சேற்றிலிருந்து எட்டிப் பார்க்கிற முகத்தை மறக்க முடியாது. மேற்கு ஜெர்மனி இந்தப் படத்தை 1957 வரை திரையிட விடவில்லை, அப்புறமும் வெட்டித்தான் விட்டார்கள். படத்தின் கடைசியில், பேரரசரின் தாத்தாவுக்கு டீடரிஷ் திறந்துவைத்த சிலையைச் சுற்றி இரண்டாம் உலகப் போரின் இடிபாடுகள்.

அந்த முடிவில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. நாவல் போருக்குச் சற்று முன்னால் 1914இல் முடிக்கப்பட்டது. பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்ததைப் போர் தொடங்கியதும் நிறுத்தினார்கள். 1918 கடைசியில், பேரரசர் ஓடிப்போன பிறகுதான் ஜெர்மனியில் எல்லோர் கைக்கும் புத்தகமாகக் கிடைத்தது, வந்த வேகத்தில் விற்றது. 1933 மே மாதம் மாணவர்கள் ஹைன்ரிஷின் புத்தகங்களை நெருப்பில் போட்டார்கள். இவ்வளவும் சேர்ந்ததும் நாவலை ‘நாஜிகளை முன்கூட்டியே சொன்ன தீர்க்கதரிசனம்’ என்று முத்திரை குத்துவது வழக்கமாகிவிட்டது. ஆனால் நாஜிகள் முப்பதுகளின் நடுவிலேயே இந்தச் சங்கங்களைக் கலைத்துவிட்டார்கள். தனித் தொப்பி, தனி மானம், தனி சிபாரிசு எல்லாம் அவர்களுக்கு வேண்டாம், ஒரே கட்சி போதும். சங்கங்களில் பலவும் எதிர்த்து நின்று கலையவில்லை, அது வேறு விஷயம். சொல்ல வருவது, டீடரிஷ் வரப்போகும் அரக்கனின் முன்னோட்டம் இல்லை. தன் காலத்தின் மிகச் சாதாரணமான ஆள். ஐம்பதுகளில் சங்கங்கள் திரும்பி வந்தன, வாள் சண்டை இன்றும் நடக்கிறது. தீர்க்கதரிசனம் என்று சொல்லிவிட்டால் அது நடந்து முடிந்த கதையாகி நாம் தப்பித்துவிடுகிறோம்.

தலைப்பின் பிரச்சினையும் இதுதான். ‘உன்டர்டான்’ என்றால் ஆட்சிக்குக் கீழே இருப்பவன். ஆங்கிலத்தில் ‘தி பேட்ரியோட்டியர்’, ‘மேன் ஆஃப் ஸ்ட்ரா’, ‘தி லாயல் சப்ஜெக்ட்’ என்று மூன்று பெயர்களில் வந்திருக்கிறது. தேசபக்தி வியாபாரி, வைக்கோல் பொம்மை, விசுவாசப் பிரஜை. மூன்றுமே அவனை நம்மிடமிருந்து தள்ளி வைக்கின்றன. தமிழில் ‘பிரஜை’ என்று வெறுமனே விட்டால் போதும் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லில் நானும் இருக்கிறேன்.

*

என்னைக் கேட்டால் நாவலின் மிகச் சிறந்த இடம் சேற்றுக் குட்டை இல்லை. பெர்லினில் டீடரிஷ் ஆக்னெஸ் என்ற பெண்ணைக் காதலிக்கிறான். உண்மையாகவே காதலிக்கிறான், அந்தப் பக்கங்களில் அவன் மனுஷன். பிறகு பயந்து விலகுகிறான். ஆக்னெஸின் அப்பா வந்து கெஞ்சும்போது, தன் கற்பைக் காப்பாற்றிக்கொள்ளாத பெண்ணைத் தன் குழந்தைகளுக்குத் தாயாக்கத் தன் ஒழுக்கம் இடம் தராது என்கிறான். கெடுத்தவனே அவன். சங்கம் கற்றுக்கொடுத்த மானம் என்ற சொல் அங்கேதான் முதல்முறையாக முழு உபயோகத்துக்கு வருகிறது.

வருஷங்கள் போகின்றன. டீடரிஷ் இப்போது ஊரில் பெரிய மனிதன், குடும்பத் தலைவன். அவனுடைய தங்கை எம்மியை ஒரு ராணுவ லெப்டினன்ட் ஏமாற்றிவிடுகிறான். டீடரிஷ் அண்ணனாகப் போய் நியாயம் கேட்கிறான். ஆக்னெஸின் அப்பாவுக்கு அவன் சொன்ன அதே பதிலை லெப்டினன்ட் அவனுக்குச் சொல்கிறான். டீடரிஷுக்கு அந்த வார்த்தைகள் அடையாளம் தெரிகின்றன. தங்கைக்காக அவன் அழவும் செய்கிறான். ஆனால் அழுதுகொண்டே அந்த லெப்டினன்டின் மிடுக்கை வியக்கிறான், எங்கள் ராணுவ அதிகாரிக்கு ஈடு உலகத்தில் யாருமில்லை என்று நெஞ்சு நிமிர்கிறது. கால் வலிக்கிறது என்று ஓடிவந்த அதே பட்டாளம், அதே சீருடை. அவமானம், அடையாளம் கண்டுகொள்ளல், பெருமை மூன்றும் ஒரே மூச்சில். இந்த இடத்தில் ஹைன்ரிஷ் சிரிக்கவில்லை, நம்மையும் சிரிக்க விடவில்லை.

நண்பன் லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பும்போது புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனான். போன வாரம் பேசியபோது நெட்சிக் அரசியல் வந்ததும் நிறுத்திவிட்டதாகச் சொன்னான், போர் அடிக்குதாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எம்மி வரும் இடம் வரைக்காவது பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். அங்கே அவனுக்கு என்ன வருகிறது என்று தெரிய வேண்டும்.